ஃபெரியில் ஒரே ஆள்

பாயான் லெப்பாஸ், ஏழாவது மாடி, செவ்வாய் இரவு பத்து.
பிறையில் இருக்கும் கிளினிக்கின் பழைய கணினியிலிருந்து
நாற்பத்திரண்டு இலட்சம் பதிவுகள்
மாலை ஆறிலிருந்து புதிய தரவுத்தளத்துக்குள் போகின்றன.
ஒன்பது விழுக்காடு என்கிறது திரை.
ஹைருல் விரல்விட்டுப் பார்த்துச் சொன்னான்:
"வியாழன் மத்தியானம் முடியும் லா."
நாளை காலை எட்டுக்கு அவர்கள் கதவு திறப்பார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
ஒரு பதிவை எடுக்கிறது, நுழைக்கிறது,
வட்டு வரை போய்த் தட்டி
எழுதியாயிற்றா எழுதியாயிற்றா என்று கேட்டு
ஆயிற்று என்ற பிறகே
அடுத்ததற்குக் கை நீட்டுகிறது.

பட்டர்வொர்த்தில் ஒரே ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு
ஃபெரி புறப்பட்டதுபோல.
அவர் இந்தக் கரையில் இறங்கியதும்
வெறும் கப்பல் கடல் தாண்டித் திரும்பிப் போய்
இரண்டாமவருக்குக் கதவு திறக்கிறது.
மற்றவர்கள் வெயிலில் நிற்கிறார்கள்.

நிறுத்தினேன்.
பாதி வெந்த சோற்றைக் கொட்டுவதுபோல
கை கொஞ்சம் கூசியது.

ஒரு பயணத்துக்கு இருபதாயிரம் பேர் என்று வைத்தேன்,
நினைவகத்துக்கு மூச்சு முட்டியது.
ஐயாயிரம். சரியாக இருந்தது.
புதிதாய் ஒருவர் வரும்போதெல்லாம்
ஐந்து அகரவரிசைகளையும் நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டிருந்த
இண்டெக்ஸ்களைக் கழற்றி வைத்தேன்:
எல்லாரும் வந்து உட்காரட்டும், பிறகு வரிசைப்படுத்தலாம்.
யார் எப்போது நுழைந்தார் என்று
குறிப்பெழுதியே நேரம் தின்ற ட்ரிக்கரைத் தூங்கச் சொன்னேன்.

கடைசியாக வாசலில் ஒரு விதி.
வருகிற ஒவ்வொன்றையும் நிறுத்தி
"உன் தாய் யார்?" என்று கேட்கும்.
தாய் அட்டவணையில் பெயரில்லாத பதிவு
உள்ளே வரக் கூடாது.
விடியும்வரை கேட்காதே என்றேன்.

முதல் ஓட்டம்
பிப்ரவரி முப்பதாம் தேதி பிறந்த ஒருவரால் கவிழ்ந்தது.
அவர் ஏறிய கப்பலின் ஐயாயிரம் பேரும்
திரும்பிக் கரையேறினார்கள்.
அவரைத் தனியே நிற்கவைத்துவிட்டு
மறுபடி ஓட்டினேன்.

ஹைருல் கீழே போனான்,
பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டிய கோப்பி ஓ இரண்டோடு வந்தான்.
முடிந்திருந்தது.
பதினோரு நிமிடம்.
"பொய்" என்றான். எண்ணினோம்.
இண்டெக்ஸ்களை மாட்டினோம், ட்ரிக்கரை எழுப்பினோம்.
வாசல் விதி கண் விழித்ததும்
முப்பத்தேழு பேரைப் பிடித்துக்கொண்டது.

காய்ச்சல், ஜனவரி.
காய்ச்சல், மார்ச்.
கால் புண், கட்டு மாற்றப்பட்டது.
பூரணம், வீராயி, லோகிதன்.
வந்துபோனதற்குக் குறிப்பு இருக்கிறது,
வந்தவருக்குப் பதிவில்லை.
அடையாள அட்டை எண் இல்லாதவரை
நோயாளியாய் ஏற்கவில்லை பழைய நிரல்.
யாரோ ஒரு குமாஸ்தா
ஆளை விட்டுவிட்டு நோயை மட்டும் எழுதியிருக்கிறார்.
பிப்ரவரி முப்பதும் இவர்களில் ஒருவர்தான்.
பிறந்த தேதி கேட்டபோது
வாயில் வந்ததைச் சொல்லியிருக்க வேண்டும்.

தியோ தொலைபேசியில் கொட்டாவி விட்டார்.
"இலட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. அழித்துவிட்டுத் தூங்கப் போ."

எண் கட்டாயம் என்ற நிபந்தனையைத் தளர்த்தினேன்.
கட்டும் வேண்டாம், ஐயாயிரமும் வேண்டாம்.
பூரணம் என்று தட்டி, உறுதி செய்து,
வட்டு ஆயிற்று என்று சொல்லும்வரை காத்திருந்து
பிறகு வீராயி.
ஹைருல் மணி பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை,
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
பெயர்களை எனக்கு வாசிக்கத் தொடங்கினான்.
அவன் வாயில் ழகரம் வராது.
எழிலரசனுக்கு மூன்று தடவை ஆயிற்று.

பிறந்த தேதியில் ஒருவருக்கு
ஒன்றும் எழுதாமல் விட்டேன்.
எண் கேட்கும் கட்டம் முப்பத்தேழு பேருக்கும்
காலியாகத்தான் இருக்கிறது.
அதில் தட்ட என்னிடம் எதுவும் இல்லை.